பார்த்தது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம்

நவம்பர் 4, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. ஆனாலும் குடையை நனைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன். கேன்டீன் குழாயடியில் விரித்துப் பிடித்து, சொட்டச் சொட்ட. பாத்திரம் கழுவும் அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

குடையை மூலையில் சாய்த்துவிட்டு, நீங்கள் பார்த்தது என்னவோ அதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள் என்றேன். இருபத்தாறு பெண்களில் இருபத்தைந்து பேர் 'வெளியே மழை பெய்கிறது.' ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளும் அதையேதான். கழுத்தைத் திருப்பினால் காய்ந்த சிமெண்ட் தரை தெரியும். திருப்பினால்தானே. ஒருத்தி மட்டும், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், முத்துமாரி: 'குடை ஈரமாக இருக்கிறது. மிஸ் செருப்பு ஈரமாக இல்லை.'

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து நிற்க வைத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவள் நெளிந்தாள்.

பழைய டைரி தீர்ந்து இது புதுசு. அதனால் ஒருமுறை எழுதி வைக்கிறேன். இவர்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை, பதினெட்டு பத்தொன்பது வயது அப்ரன்டிஸ் பெண்கள். காலை ஆறு முதல் இரண்டு வரை பிரஸ் ஷாப்பில் கார் கதவுக்கான தகடு அடிக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்குக் கேன்டீன் மாடியில் என் முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள். இரண்டு வருடம் முடித்தால் டிப்ளமோ. நான் ஏஜென்சி அனுப்பிய அறிவியல் மிஸ். வாலாஜாபாத் பள்ளியில் பதினோரு வருடம் லேப் நோட்டு திருத்திய கை, இப்போது ஒரகடத்தில்.

இன்று சொன்ன சட்டங்கள்:
– நோட்டில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் நினைத்தது.
– தாள் கிழிக்கக் கூடாது. ஒயிட்னர் கூடாது.
– தப்பு என்றால் ஒற்றைக் கோடு. கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.
– தினம் தன் மெஷினைப் பற்றி ஐந்து வரி.

பல் வலி மறுபடி. கிராம்பு தீர்ந்துவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

வெயில். புழுக்கம்.

முதல் நோட்டுகள் வந்தன. சிரித்து முடியவில்லை. 'சூப்பர்வைசர் கோபமாக இருக்கிறார்' என்று இடது பக்கத்தில் ஒருத்தி. கோபத்தை எப்படியம்மா பார்த்தாய், அது நீ நினைத்தது, நீ பார்த்தது என்ன என்றேன். 'கையுறையைத் தரையில் வீசினார்' என்று மாற்றிக்கொண்டு வந்தாள். வகுப்பே உருண்டது.

வகுப்புக்கு முன் அந்தச் சூப்பர்வைசர் தாமுவே என்னை பிரஸ் ஷாப்புக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். நிலம் விற்ற குடும்பம், இப்போது அதே நிலத்துக்குப் பக்கத்துக் கம்பெனியில் வேலை. பெண்கள் எந்த மெஷினைப் பற்றி எழுதுகிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டுமே. வரிசையாக நான்கு பிரஸ். காலால் பெடலை மிதித்தால் மேல் பாகம் இறங்கித் தகட்டை அடிக்கும். வாய்க்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளித் திரை, அதைத்தான் சென்சார் என்கிறார்கள். கை குறுக்கே போனால் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும், பிரஸ் இறங்காது. ஒன்றாம் நம்பரில் ஒரு குச்சியை விட்டுக் காட்டினார். சிவப்பு. நின்றது.

"இன்னா மிஸ், நீங்க ஒருவாட்டி கைய உட்டுப் பாக்குறீங்களா?" என்றார். வேண்டாம் சாமி என்று வந்துவிட்டேன்.

மகள் பெனிட்டாவின் ரெக்கார்டு நோட்டுக்கு பிரவுன் அட்டை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. இந்த முறை நிஜ மழை. ஒரகடம் ஜங்ஷனில் இரண்டு டிரெய்லர் லாரி குறுக்கே நின்று முக்கால் மணி நேரம் பஸ் நகரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் போனில், "சைட்டுல முட்டி ஆழம் தண்ணி, கஸ்டமர கூட்டினு வராத." பல் வலி காது வரைக்கும். புடவை ஓரம் சேறு.

வகுப்பிலேயே நோட்டு திருத்தினேன். ஒரு வாரத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. முத்துமாரி நோட்டில், இடது பக்கத்தில், முதல் வரியே: 'மூணாம் நம்பர் பிரஸ்ல சென்சார் செத்துப்போச்சு.'

இவளுமா! குடை விஷயத்தில் கைதட்டு வாங்கியவள். கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் சிவப்பில், 'அனுமானம்! பார்த்ததை மட்டும் எழுது.' மேஜைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், நெசமாத்தான். பீஸ் மாட்டிக்கிட்டப்ப நான் கைய..."

கதை வேண்டாம், வரி போதும் என்றேன். நீ எலக்ட்ரீஷியனா, பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு செத்துப்போனது உனக்கு எப்படித் தெரியும், நாடி பிடித்தாயா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அங்கேயே நின்று, என் மேஜை ஓரத்தில் நோட்டை வைத்து, அடித்த வரிக்குக் கீழே எழுதினாள்: 'மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறது.'

இதுதான். இதைத்தான் கேட்டேன். பெரிய டிக். 'மிக நன்று.' தேதியும் போட்டேன்.

பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து டேவிட்டிடம்கூடச் சொன்னேன். இவர் இருங்காட்டுக்கோட்டையில் ஸ்டோர்ஸில் இருக்கிறார், மெஷின் பேச்சு எதுவும் இவருக்குப் புதிதில்லை. ம் என்றார். டிவியில் மழை செய்தி.

நவம்பர் 13, வியாழன்

தூறல்.

முத்துமாரி நோட்டில் ஐந்து வரியும் சுத்தம். தரை பச்சை நிறம். மின்விசிறி மூன்று. கையுறை இடது கட்டைவிரலில் கிழிசல். பிடிபட்டுவிட்டது. ஆனால் வகுப்பில் வாயே திறக்கவில்லை. உம்மென்று இருந்தாள். இருக்கட்டும், ரோஷம் நல்லதுதான்.

செய்யாறு பக்கத்துப் பெண் சங்கீதா, முத்துமாரியின் ரூம்மேட், கேட்டாள்: மாரி நோட்டைப் பார்த்து அது மாதிரி எழுதட்டுமா மிஸ், எனக்கு எது பார்த்தது எது நினைத்தது என்று குழம்புகிறது. திருத்தினதைப் பார்த்து எழுது என்றேன். போகும்போது அவள் நோட்டை என் மேஜையில் நோட்டுக் கட்டோடு வைத்துவிட்டு, உன்னுடையதைச் செவ்வாய்க்கிழமை கொடு என்றும் சொன்னேன். நல்ல பெண். எதைச் சொன்னாலும் தலையாட்டும்.

சனிக்கிழமை பல் டாக்டர். மறக்கக் கூடாது.

நவம்பர் 18, செவ்வாய்

விடாத மழை. ரெண்டே முக்காலுக்குப் போனேன். வகுப்பில் பதினோரு பேர்தான். யாரும் நிமிரவில்லை. என்ன ஆச்சு என்றேன்.

"சங்கீதாவுக்குக் கை போயிடுச்சி மிஸ்."

காலை ஒன்பதரை, டீ பிரேக் முடிந்து வந்தவுடன். மூன்றாம் நம்பர் பிரஸ். தகடு மாட்டிக்கொண்டது, எடுக்கக் கையை விட்டாள், கால் பெடலில் இருந்தது. வலது கை. கட்டைவிரல் தவிர நான்கும். முத்துமாரி தன் ஓவர்கோட்டைக் கழற்றிச் சுற்றி, கம்பெனி வேனில் கூடவே போயிருக்கிறாள்.

பாடம் எடுக்கவில்லை. உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் லைனை மறுபடி ஓட்டிவிட்டார்களாம். கீழே மற்ற மூன்று பிரஸ்ஸும் தட், தட் என்று தரை வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது பிரஸ் ஷாப் கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நம்பர் மேல் நீலத் தார்ப்பாய்.

மூன்றாம் நம்பர்.

நவம்பர் 19, புதன்

நோட்டுக் கட்டு வீட்டில்தான், ஃப்ரிட்ஜ் மேல். நேற்று எடுக்கத் தைரியம் இல்லை. இன்று காலை பெனிட்டா பள்ளிக்குப் போனதும் எடுத்தேன்.

இருக்கிறது. கோட்டுக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக. மூணாம் நம்பர் பிரஸ்ல சென்சார் செத்துப்போச்சு. கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். என் சட்டம்.

அதன் கீழ் பச்சை விளக்கு. அதன் பக்கத்தில் என் டிக். மிக நன்று. 11-ஆம் தேதி.

கையை விட்டபோது என்று ஏதோ சொல்ல வந்தாள். பீஸ் மாட்டிக்கிட்டப்ப நான் கைய, அதுவரைதான் விட்டேன். கை உள்ளே இருக்கும்போது விளக்கு என்ன நிறம் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஒரே கேள்வி. அனுமானம் என்றால் அடிக்க வேண்டியது என்று சொல்லிக் கொடுத்தேனே தவிர, எதைப் பார்த்து அப்படி நினைத்தாய் என்று கேட்க வேண்டியது என் வேலை என்று எனக்கே தோன்றவில்லை. பதினோரு வருடம் இந்தப் பாடம் எடுத்திருக்கிறேன்.

தாமு அன்றைக்கு ஒன்றாம் நம்பரில்தான் குச்சியை விட்டுக் காட்டினார். மூன்றில் காட்டவில்லை. அதையாவது நான் பார்த்தேனா?

சமைக்கவில்லை. மதியம் பிரெட்.

நவம்பர் 20, வியாழன்

மழை விட்டிருக்கிறது. வகுப்பு ரத்து. எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். ஏ.சி. ரூம், பிஸ்கெட், டீ. சிரித்த முகம்.

என் பாடத்தைப் புகழ்ந்தார். உள் விசாரணையில் பெண்களிடம் அதையே சொன்னார்களாம்: மிஸ் சொல்லிக் கொடுத்த மாதிரி பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், நினைத்தது வேண்டாம். ஒருத்தி அந்தச் சென்சார் ஒரு மாதமாக வேலை செய்யவில்லை என்றிருக்கிறாள். திறந்து பார்த்தாயா? இல்லை. அப்படியானால் அது அனுமானம், அடி. இன்னொருத்தி ஏதோ ஒயர் சேர்த்திருக்கிறார்கள் என்றிருக்கிறாள். சேர்ப்பதைப் பார்த்தாயா? இல்லை. அடி. 

பிறகு விஷயத்துக்கு வந்தார். "மேடம், முத்துமாரியோட நோட்ல ஒரு என்ட்ரி இருக்காமே. மூணாம் நம்பர்ல பச்சை விளக்கு எரியுதுன்னு. உங்க டிக், தேதியோட. அதான் நமக்கு வேணும். அந்தப் பேஜை மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாம ஃப்ரெஷ்ஷா எழுதி வாங்கிக் கொடுத்துடுங்க. நீங்க ஒரு சைன் போட்டா போதும்."

விசாரணை அறிக்கையின் கடைசி வரியைத் தானே படித்தும் காட்டினார். பாதுகாப்புச் சாதனம் இயங்கும் நிலையில் இருந்தது, விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். அந்த வரி நின்றால் சங்கீதா கையைக் கட்டிக்கொண்டு செய்யாறுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். வேலை கிடையாது, டிப்ளமோ கிடையாது, தப்பும் அவளுடையது.

நோட்டு வீட்டில் இருக்கிறது என்றேன். பொய். காலடியில், என் பையில் இருந்தது. டீயைக் குடிக்காமல் வந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

கூட்ரோடு டீக்கடையில் தாமு. என்னைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். தாடி எடுக்கவில்லை. கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை என்று எழுத வந்தேன், அது நான் நினைத்தது.

 அவராகவே, மெதுவாக: "ஒரு மாசமா அது அப்டித்தான் கீது மிஸ். சும்மா சும்மா செவப்பு காட்டி நின்னுக்கினே இருந்துச்சி. லைன் நின்னா மேல இருந்து என்னத்தான் கிழிக்கிறான். மெயின்டனன்ஸ்காரன் ஒயர சேத்து உட்டான். அப்பால எப்பவும் பச்சதான். புது சென்சார் வரும் வரும்னாங்க."

எழுதித் தருவீர்களா என்றேன்.

"எனக்கும் ரெண்டு பொண்ணு கீது மிஸ்" என்றார். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.

திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. எந்த வாயால்? அவராவது தெரிந்து செய்தார். ஒரு பெண் எழுதியே கொடுத்தாள், நான் அதை அடித்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பூசையில் மனம் இல்லை. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. முன் வரிசையில் ஒரு குழந்தை தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக்கொண்டிருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

மதியம் டேவிட்டிடம் எல்லாம் சொன்னேன். இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார்.

"நோட்டு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடு ஜெசி. சைனும் வேணாம், சண்டையும் வேணாம். ஏஜென்சிக்காரன் நாளைக்கே வேற மிஸ்ஸ அனுப்புவான்."

கோழைத்தனமாகப் பேசாதீர்கள் என்று கத்தினேன். பாவம், இவர் மேல் என்ன தப்பு. எனக்கே அந்த யோசனை மூன்று நாளாக உள்ளே இருக்கிறது, அதனால்தான் கத்தினேன். பெனிட்டா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

நவம்பர் 24, திங்கள்

வானம் மூட்டம். காலைப் பஸ். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம். நோட்டை உறை போட்டு எடுத்துப் போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில். சுவரில் ஹெல்மெட் போட்ட ஆள் சிரிக்கும் போஸ்டர்.

ஆய்வாளர் வயதில் சிறியவர். பொறுமையாகத்தான் கேட்டார். நோட்டை இரண்டு முறை படித்தார். பிறகு விரலை வைத்து:

"இது அனுமானம்னு சிவப்புல எழுதினது யாரு மேடம்?"

நான்தான் என்றேன்.

"பக்கத்துல டிக் போட்டதும் நீங்கதானே?"

ஆமாம்.

"அப்ப கம்பெனி சொல்றதைத்தானே நீங்களும் அன்னைக்கே எழுதிக் குடுத்திருக்கீங்க?"

அனுமானம் என்றால் பொய் இல்லை சார், பார்த்த ஏதோ ஒன்றின் மேல்தான் அது நிற்கும் என்று விளக்கினேன். வகுப்பு எடுக்கிற குரல் வந்துவிட்டது, எனக்கே கேட்டது. அவர் தலையாட்டினார். சரி, அந்தப் பார்த்தது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

எங்கேயும் இல்லை. நான் விட்டால்தானே.

அவர் நேரில் போய்ப் பார்த்தபோது மூன்றாம் நம்பரில் புது சென்சார் மாட்டியிருந்ததாம், சரியாக வேலை செய்ததாம். விபத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அறிக்கையை மறுபடி திறக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள். கேள்விப்பட்டது செல்லாது.

நோட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது எச்.ஆர். மூன்று முறை போன். எடுக்கவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

லேசான வெயில். ஏஜென்சியிலிருந்து மெசேஜ்: மறு அறிவிப்பு வரை வகுப்புக்கு வர வேண்டாம். எதிர்பார்த்ததுதான்.

மூன்று மணிக்கு, வகுப்பு நேரத்தில், பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டல். ஒரு வீட்டின் மாடியில் தகரம் போட்டு இழுத்த அறை. எட்டுப் பேர். சங்கீதாவின் பாய் சுருட்டி ஓரத்தில். கொடியில் அவளுடைய சுடிதார் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. முத்துமாரி தரையில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

அன்றைக்கு நீ என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். இரண்டு வாரம் தாமதமாக.

பீஸ் மாட்டிக்கொண்டபோது கையை விட்டு எடுத்தாளாம். நிமிர்ந்து பார்த்தால் பச்சை. முழங்கை வரை உள்ளே, பச்சை. அன்றைக்கு மூன்று தடவை சோதித்துப் பார்த்திருக்கிறாள், காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு தடவை துடைப்பக் குச்சியை வைத்துக்கூட. நான் சொல்லிக் கொடுக்காமலேயே ஒரு சரியான சோதனை. 

இதை எழுதிக் கொடு என்றேன். வெள்ளிக்கிழமைக்குள். நான் கூட வருகிறேன்.

தைலப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். டிப்ளமோவுக்கு இரண்டு மாதம் பாக்கி. தம்பியை ஜனவரியில் இதே கம்பெனியில் சேர்ப்பதாகத் தாமுவிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்பா முடியாதவர். நேற்று எச்.ஆர். அவளையும் கூப்பிட்டு டீ கொடுத்தாராம்.

"அன்னைக்குக் கேட்டிருந்தா எழுதியிருப்பேன் மிஸ். உங்க மேசைலயே எழுதியிருப்பேன். இப்ப எழுத மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் சொல்வதுபோல் சொன்னாள். நான் கெஞ்சவில்லை, கெஞ்ச எனக்கு என்ன உரிமை. படி இறங்கும்போது கூடவே வந்து, தண்ணி தேங்கியிருக்கு, ஓரமா போங்க மிஸ் என்று செங்கல்லைக் காட்டினாள்.

நவம்பர் 26, புதன்

மழை. குடை மறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி. போக பயமாக இருந்தது, எட்டு நாளாகத் தள்ளிப்போட்டேன் என்பதுதான் உண்மை. சங்கீதாவின் அம்மா கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். வலது கை தலையணை மேல், பெரிய வெள்ளைக் கட்டு. முகம் வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"நோட்டு குடுக்க முடியல மிஸ்" என்றாள். முதல் பேச்சே அது.

சாத்துக்குடியை வைத்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல் சாப்பாடு, தூக்கம், வலி. விரல் இருந்த இடத்தில் அரிக்கிறதாம், சொறியப் போனால் கட்டுதான் இருக்கிறதாம். பிறகு ஆய்வாளர் சொன்னதைச் சொன்னேன். அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதையும் மறைக்கவில்லை. முத்துமாரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, நான் எழுதினால் செல்லுமா மிஸ் என்றாள். நான்தானே பார்த்தேன்.

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? கை போனவள் கண்ணும் போனவள் என்று நானாக முடிவு கட்டியிருக்கிறேன். கம்பெனிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

கீழே போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வந்தேன். நடுவில் கோடு போடச் சொன்னாள், ஸ்கேல் பிடிக்க முடியாது. போட்டேன். நோட்டை அவள் மடியில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். இடது கையால் எழுதினாள். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு டிரிப்ஸை மாற்றிப் போனார்.

இடது பக்கம்:
தகடு மாட்டியது.
என் வலது கை உள்ளே இருந்தது.
பச்சை விளக்கு எரிந்தது.
பிரஸ் இறங்கியது.

நாலு வரிக்கு முக்கால் மணி நேரம். ஒரு வார்த்தை அதிகமும் இல்லை, ஒரு வார்த்தை குறைவும் இல்லை. இதைவிட நன்றாக நான் எந்த வகுப்பிலும் யாரையும் எழுத வைத்ததில்லை.

போதும், கையெழுத்துப் போடு என்றேன். அவள் போடவில்லை. கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாரி என்கிட்ட முன்னாடியே சொல்லிச்சி மிஸ். மூணுல சென்சார் செத்துப்போச்சி, கைய உடாதன்னு. நான்தான் கேக்கல. அது நோட்டுல பாத்தேன். நீங்க அத்த அடிச்சிட்டு பச்சைக்கு டிக் போட்டிருந்தீங்க. மிஸ்ஸே பாத்துட்டாங்க, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கினேன்."

மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். என்னிடம்.

ஜன்னலில் மழை.  அதையும் எழுது என்றேன். நான் அடித்ததை, டிக் போட்டதை, என் பெயரோடு.

பேனாவை எடுத்தாள். நோட்டின் நடுக்கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் மிஸ்?"

இடது பக்கம் என்றேன். அவள் பார்த்ததுதானே.